சிரிப்பு எங்கே விழுந்தது என்று பார்த்தேன்

அன்புள்ள கண்ணா,

நான் வீடு வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. அன்றைக்கு நீ பெண் வேஷம் போட்டு ஜோக் சொல்கிற டிராக் நிகழ்ச்சி முடிந்ததும் ஓடி வந்து "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லா இருந்தது" என்று மட்டும் சொன்னேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மேக்கப் அறையில் ஓரமாக உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற பசைக் குச்சியை எடுத்துப் புருவத்தில் தேய்த்தாய். சீப்பால் படிய வைத்து, காயவிட்டு, மறுபடியும் தேய்த்தாய். அதன்மேல் பவுடர், பவுண்டேஷன். உனக்கு அப்பாவின் புருவம். அது என் கண் முன்னாலேயே மறைந்து போனது. ஒரு விரல் அகலம் மேலே தள்ளிப் புதுப் புருவம் வரைந்தாய். அப்புறம் இடுப்புக்கு வெட்டி வைத்த ஃபோம், ஒன்றன்மேல் ஒன்றாக டைட்ஸ், மூச்சு முட்டுகிற கார்செட், நெற்றியோரத்தில் பசை வைத்து ஒட்டிய விக். இரண்டரை மணி நேரம். அவ்வளவு நேரமும் உன் உதடு ஓயவே இல்லை. மந்திரம் சொல்கிறாயோ என்று பார்த்தால், ஜோக்குகளைச் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாய்.

நீ மேடையில் கால் வைத்ததுமே சிரித்தார்கள். ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எழுந்து போய்விடலாம் போல இருந்தது. நீ அவசரப்படவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு, சின்ன வயதில் என் லிப்ஸ்டிக் தேய்ந்துகொண்டே போன கதையை ஆரம்பித்தாய். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஸ்ட்ரா வைத்து ஒரு வாய் குடித்தாய். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அந்த வரி விழுந்ததும் வந்த சிரிப்பு வேறு. முதலில் வந்தது உடுப்புக்கு, இது உன் பேச்சுக்கு. எனக்கு வித்தியாசம் நன்றாகக் கேட்டது.

நீ சொன்ன பெயர்களையெல்லாம் தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் மேடைக் கலைஞர் டேனி லா ரூ தன்னைப் பெண் வேஷக்காரர் என்று சொல்வதைவிட 'கவுன் போட்ட காமெடியன்' என்று சொல்வதையே விரும்பினாராம். எனக்கு அது பிடித்திருந்தது. காமெடியன்தான் முக்கியம், கவுன் அடுத்தது. லில்லி சாவேஜ் என்ற பெண் வேஷத்தில் மேடையேறிய பால் ஓ'கிரேடி ஒரு காலத்தில் முதியவர்களையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்திருக்கிறார். லண்டனில் ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன் என்ற, தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற மதுக்கூடத்தின் மேடையில் அவர் இருந்தபோது, 1987இல், போலீஸ் உள்ளே நுழைந்திருக்கிறது. எய்ட்ஸ் பயத்தில் அவர்கள் கையில் ரப்பர் உறை. அதைப் பார்த்து, பாத்திரம் கழுவ ஆள் வந்துவிட்டது என்று மேடையிலிருந்தே சொன்னாராம். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு நிமிஷத்திலும் வாய் உறையாமல் இருக்க எத்தனை வருஷம் மேடையில் நின்றிருக்க வேண்டும்!

பியாங்கா டெல் ரியோ என்ற அமெரிக்க டிராக் காமெடியனைப் பற்றியும் படித்தேன். ராய் ஹேலாக் என்பது நிஜப் பெயர். நாடகங்களுக்கு உடை தைத்தவர் என்றதும் எனக்குச் சொந்தக்காரர் போல ஆகிவிட்டார். 2014இல் ரூபால் நடத்துகிற டிராக் டிவி போட்டியில் ஜெயித்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. 2019இல் லண்டனில் வெம்ப்ளி அரீனா என்ற பெரிய அரங்கில் தனியாளாக நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் சின்னச் சின்ன மேடைகள்! உனக்கு இருபத்தொன்பதுதான். சரி, அவசரமில்லை.

கவலை இல்லை என்று சொல்லமாட்டேன். விக்கும் மேக்கப்பும் உன் கைக்காசு, சம்பளம் மட்டும் எப்போது வரும் என்று தெரியாது. போன மாதம் நிகழ்ச்சி நடத்தியவர் இன்னும் பணம் தரவில்லை என்றாயே, அந்தத் தொகையை எழுத்தில் கேள். வாய்ப் பேச்சை நம்பாதே. நடு ராத்திரியில் முழு வேஷத்தோடு தனியாக டாக்ஸி பிடிக்காதே. இந்த இரண்டிலும் அம்மா சொல்வதைக் கேள்.

சித்தி போன் பண்ணி, "அவன் திருநங்கையா?" என்று கேட்டாள். மேடைக்குப் போடுகிற வேஷம் வேறு, ஒருவர் தான் யார் என்று உணர்வது வேறு என்றேன். டிராக் செய்கிறவர்களில் திருநங்கைகளும் இருக்கிறார்கள், உன்னைப் போன்றவர்களும் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வீடியோ இருந்தால் அனுப்பச் சொன்னாள். எந்த வீடியோவை அனுப்பலாம் என்று நீயே சொல்.

இன்னொன்று. லிப்ஸ்டிக் கதையில், அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது என்று சொல்கிறாய். எனக்கு அப்போதே தெரியும். கேட்க பயமாக இருந்தது. பழையது தீர்ந்ததும் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி அதே இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை, அது என் தப்பு. கதையை நீ மாற்ற வேண்டாம். அந்த இடத்தில் சிரிப்பு சரியாக விழுகிறது.

நீ கொடுத்தனுப்பிய பச்சை கவுனைப் பிரித்துத் தைத்துவிட்டேன். மைக்கைத் தூக்கும்போது தோளில் இழுத்துப் பிடித்ததைக் கவனித்தேன். அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்திருக்கிறேன், இனி கையை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். அன்றைக்கு முதுகு ஜிப்பைப் போட ஆள் தேடி அலைந்தாய் இல்லையா, அதன் நுனியில் நீளமாக ஒரு நாடா கட்டியிருக்கிறேன். தோளுக்கு மேலே பிடித்து இழுத்தால் நீயே மூடிக்கொள்ளலாம். மூடியதும் நாடாவை உள்ளே சொருகிவிடு, வெளியே தெரியாது.

அன்புடன்,
அம்மா