பாட்காஸ்ட்டுக்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் இதழில் நூல் விமர்சனம் வருகிறது, திரை விமர்சனம் வருகிறது. போனில் கேட்கும் ஒலித்தொடரான பாட்காஸ்ட் பற்றி மட்டும் ஒரு வரிகூட வருவதில்லை. வாரம் கால் பக்கம் ஒதுக்கினால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கண்புரை சிகிச்சைக்குப் பிறகு எனக்கு நெடுநேரம் படிக்க முடிவதில்லை. மகள்தான் போனில் பாட்காஸ்ட் கேட்கச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது தினமும் விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் நடக்கும்போது ஒரு மணி நேரம் கேட்கிறேன்.

முதலில் பிடித்துப்போனது 'எம்பயர்'. வரலாற்றாசிரியர் வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் 2022-இல் தொடங்கியது. எடுத்த எடுப்பில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கதைதான். கிளைவ் என்ற பெயர் காதில் விழுந்ததும் நின்றுவிட்டேன். 1751-இல் அவன் முற்றுகையைத் தாக்குப்பிடித்த ஆற்காடு, இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. திப்புவின் பிள்ளைகளைக் கம்பெனி சிறைவைத்தது நான் நடந்துகொண்டிருந்த இதே கோட்டையில். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரலாறு, அறுபது வயதுக்கு மேல்தான் எனக்கு ஊர்க்கதையாக மாறியது.

சமயம், தத்துவம் என்றால் பீட்டர் ஆடம்சன் நடத்தும் தத்துவ வரலாற்றுத் தொடரைச் சொல்வேன். அதில் இந்தியத் தத்துவத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஜோனார்டன் கனேரியுடன் சேர்ந்து செய்தது. சமணத்தைப் பற்றிக் கேட்ட பிறகு, காட்பாடிப் பக்கம் உள்ள வள்ளிமலைக்கு மறுபடி போனேன். முருகன் கோயிலுக்காகப் பலமுறை ஏறிய மலைதான். சமணக் குகையின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை.

அரசியலுக்கு மிலன் வைஷ்ணவின் 'கிராண்ட் தமாஷா' நல்லது. ஓர் ஆய்வாளரை அழைத்து, அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிறார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் டிவி விவாதங்களைப் பார்த்து அலுத்தவர்கள் கேட்டுப் பார்க்கலாம். அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' இன்னும் ஆழமானது, ஆனால் சில உரையாடல்கள் நாலைந்து மணி நேரம் ஓடும். நான் மூன்று நாளாகப் பிரித்துக் கேட்பேன்.

பொழுதுபோக்கு என்று எனக்கு இருப்பது மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்ப்பது ஒன்றுதான். அதற்கு 'அஸ்ட்ரானமி காஸ்ட்'. 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

ஆங்கில உச்சரிப்பு புரியாது என்று பலர் தயங்குகிறார்கள். வேகத்தை 0.8-க்குக் குறைத்துக் கேளுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். எனக்குப் பழகியது.

சரி, தமிழில்? தீபிகா அருணின் 'கதை ஓசை'யில் நம் நாவல்களைக் கேட்கிறேன், மனசுக்கு நிறைவாக இருக்கிறது. வரலாற்றில்தான் குறை. 1806 ஜூலை 10 விடியுமுன் இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதுத் தலைப்பாகையைத் திணித்ததும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை போட்டதும் அவர்களைக் கொதிக்க வைத்தன. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். 1857-க்கு 51 ஆண்டுகள் முந்தைய எழுச்சி இது. ஆனால் இதை ஆதாரங்களோடு நிதானமாகச் சொல்லும் தமிழ்த் தொடர் ஒன்று, நான் தேடியவரை கிடைக்கவில்லை.

உங்கள் இதழில் வரலாறு எழுதுகிறவர்களே இதைப் பேசிப் பதிவு செய்யலாமே! பத்துப் பகுதி போதும். அந்தக் கால் பக்கத்தில் முதல் அறிவிப்பு அதுவாக இருந்தால், கோட்டையில் என்னோடு நடக்கும் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.