சீசன் டிக்கெட் செல்லாத நாள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் வேலைக்குப் போய்வருவோருக்கு உங்கள் இதழ் சொல்லியிருந்த யோசனைகளைப் படித்தேன். குடை, மாற்றுச் சட்டை, அரை மணி முன்னதாகக் கிளம்புவது எல்லாம் சரிதான். பதினெட்டு ஆண்டுகளாகத் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் சீசன் எடுத்துப் போய்வருகிறவன் நான். அரை மணி முன்னதாகக் கிளம்பினால் அரை மணி முன்னதாகப் போய் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் சைதாப்பேட்டை தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. இரவு மழையில் முறிந்த மரக்கிளை ஒன்று மின்கம்பியில் விழுந்துவிட்டதாம். இதற்கு யாரைக் குறை சொல்வது? மின்விசிறி ஓய்ந்தது. பத்து நிமிடம் பொறுமையாக இருந்தவர்கள் இருபதாவது நிமிடத்தில் இறங்க ஆரம்பித்தார்கள். தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இறங்கினேன், தவறுதான்.

நடைமேடை இல்லாத இடத்தில் ரயில் படி எவ்வளவு உயரம் என்பது இறங்கும்போதுதான் தெரிகிறது. எங்கள் பெட்டியில் தினமும் வரும் கொய்யாப்பழக்கார அம்மா முதலில் கூடையைக் கொடுத்தார். நாலு கை மாறி அது ஜல்லியில் இறங்கியது. பிறகு அவர் வாசலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். இரண்டு பழங்கள் உருண்டு ஓடின. அவற்றைத் தேடி எடுத்துத் துடைத்துக் கூடையில் போட்ட பிறகுதான் நகர்ந்தார்.

மாம்பலம் வரை ஜல்லியில் நடை. அங்கிருந்து 2023-இல் திறந்த ஆகாய நடைபாலம் வழியாகத் தி.நகர் பஸ் நிலையம். எழும்பூருக்கு 400 ரூபாய் என்றார் ஓர் ஆட்டோக்காரர். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று 2013-இல் அரசு நிர்ணயித்ததை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. (அத்தனை பழைய கட்டணத்தை வைத்துக்கொண்டு அவரும் என்னதான் செய்வார்?)

முதலில் வந்தது சொகுசு பஸ். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் மகளிருக்கு 2021 மே முதல் டிக்கெட் கிடையாது, இதில் உண்டு. கூடையோடு படியில் ஒரு கால் வைத்த அந்த அம்மா, இடுப்புப் பையிலிருந்து ரயில் சீசனை எடுத்து நீட்டி, "ரயில்தான் நின்றுபோய்விட்டதே தம்பி, இது செல்லாதா?" என்று கேட்டார். கண்டக்டர் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே காலை எடுத்துவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

சிரிக்க என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தேன். மாதம் முழுவதற்கும் முன்பணம் கட்டியவர் கேட்ட நியாயமான கேள்வி அது. லண்டனில் ஒரு தடத்தில் ரயில் நின்றுபோனால், அதே டிக்கெட்டில் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் போகலாம் என்று அறிவிப்பது வழக்கம். இங்கே ரயில், பஸ், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கவே 2010-இல் சட்டம் போட்டு, அதன்படி ஒரு குழுமமும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. எல்லாம் ஓடும் நாளில் இந்த ஒருங்கிணைப்பு ஒரு வசதி. ஒன்று நின்றுபோகும் நாளில் அல்லவா அது கட்டாயத் தேவை?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தடம் முடங்கியது என்று அறிவித்த நிமிடம் முதல் சரியாகும்வரை, அந்தத் தடத்தை ஒட்டி ஓடும் பஸ்ஸிலும், கிண்டி, பரங்கிமலை போல ரயிலைத் தொட்டு நிற்கும் மெட்ரோ நிலையங்களிலும் சீசன் டிக்கெட்டை ஏற்க வேண்டும். கண்டக்டரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போனால் போதும். செயலியில் காட்டு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்த அம்மாவிடம் இருப்பது காகிதச் சீசன். தேதியைப் பார்த்தால் ஆயிற்று. யாருடைய வருமானம் யாருக்குப் போவது என்ற கணக்கைச் சாவகாசமாக உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளட்டும்; காலை ஒன்பதரை மணிக்குப் படியில் நிற்பவரிடம் அதைத் தீர்க்க வேண்டாம்.

மறுநாள் வண்டியில் அவரைப் பார்த்தேன். சாதாரண பஸ் கிடைத்து எழும்பூர் போய்ச் சேரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது என்றார். ஆபீஸ்காரர்கள் டீக்கு வந்து போய்விட்டார்களாம். பாதிக் கூடை அப்படியே வீடு திரும்பியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை - 44