மனச்சிதைவுன்னா கத்தியோட ஓடுறவன்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல சினிமாவுல மனநோய் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 'ஸ்கிசோஃப்ரினியாவ (மனச்சிதைவ) அப்படியே கண்ணு முன்னாடி காட்டிட்டாங்க'ன்னு ஒரு படத்தப் பாராட்டியிருந்தீங்க பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியல.

கண்ணு முன்னாடி காட்டுறதுதான் பிரச்சனையே. இல்லாத ஆளு ஒருத்தன் வந்து ஹீரோ கூட உக்காந்து பேசுவான், இன்டர்வல்ல அப்படி ஒருத்தனே இல்லன்னு தெரியும், ட்விஸ்டுக்கு வசதி. நிஜத்துல இந்த நோய்ல ரொம்பப் பேருக்கு வர்றது காதுல கேக்குற குரல்தான். ரெண்டு பேரு இவரப் பத்தியே பேசிக்கிற மாதிரி, 'இப்ப எந்திரிக்கிறான் பாரு, கதவத் தொறக்கிறான் பாரு'ன்னு கமென்ட்ரி சொல்ற மாதிரி கேக்கும், அதோட டிவில வர்ற செய்தி தனக்கு அனுப்புற ரகசியத் தகவல்னும், தான் நெனைக்கிறது வெளியில எல்லாருக்கும் கேக்குதுன்னும் உறுதியா நம்புவாங்க. கணித மேதை ஜான் நாஷ் பத்தி 2001ல வந்த படத்துலயே ரூம்மேட் ஒருத்தன் கண்ணுக்குத் தெரியிறதா வெச்சாங்க, நிஜ நாஷுக்குக் கேட்டது குரல்தான். 1994ல நோபல் வாங்குற சமயத்துல புது மருந்து சாப்பிடுறதாவும் அதுல வசனம் வரும், அவரு 1970லயே மருந்த விட்டுட்டாரு. (அதப் பாத்து யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, நிறுத்துனா நோய் திரும்புற வாய்ப்பு ரொம்ப அதிகம்.)

எனக்கு இதவிடப் பெரிய வருத்தம், படத்துல வரவே வராத, இந்த நோயோட இன்னொரு பாதி. பேச்சு கொறஞ்சு போகும், மொகத்துல சந்தோஷமும் தெரியாது துக்கமும் தெரியாது, குளிக்கத் தோணாது, எதுலயும் ஆர்வம் இல்லாம ரூமுக்குள்ளயே கெடப்பாங்க. குரலாவது பெரும்பாலும் மருந்துக்கு அடங்குது, இது லேசுல அடங்குறதில்ல, படிப்பு வேலை எல்லாத்தையும் முடக்கிப் போடுறதும் பல பேருக்கு இதுதான். காலேஜ் படிக்கிற வயசுல ஆரம்பிக்கிறதால வீட்ல சோம்பேறி, திமிருன்னு திட்டு வேற. மனச்சிதைவுன்னா கத்துவான் அடிப்பான்னு சினிமா பாத்துப் பழகுனவங்களுக்கு, சும்மா உக்காந்திருக்கிற புள்ளையப் பாத்தா நோய்னு எப்படித் தோணும்?

1990லேருந்து 2010 வரைக்கும் வந்த 41 இங்கிலீஷ் படங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, இந்த நோய் இருக்கிற கேரக்டர்கள்ல பெரும்பாலானவங்க தன்னையோ அடுத்தவங்களையோ தாக்குறவங்கதான். நிஜத்துல இவங்க அடிக்கிறத விட அடிபடுறதுதான் அதிகம். இதுல ஸ்ப்ளிட் பர்சனாலிட்டியையும் இதோட போட்டுக் கொழப்புறாங்க, அது முழுக்க வேற நோய்.

உங்க விமர்சகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ நடிகர் கண்ண உருட்டுனதுக்கு மார்க் போடுறதுக்கு முன்னாடி ஒரு சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட பேசிட்டு எழுதுங்க, முடிஞ்சா இந்த நோயோட வாழுறவங்க ஒருத்தர்கிட்டயும் அந்தப் படத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதி வாங்கிப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி