செலீனியம் குளிசை எல்லாருக்கும் சத்து இல்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்கட பெரியம்மாவுக்கு கனடாவில இருந்து மகள் செலீனியம் (உடம்புக்கு துளியளவு மட்டும் தேவையான ஒரு தாதுச் சத்து) குளிசை அனுப்பினவ, போத்தலில ஒரு குளிசைக்கு 200 மைக்ரோகிராம் எண்டு கிடக்கு, சத்துக் குளிசை தானே எண்டு அவ காலமை, மத்தியானம், இரவு எண்டு மூண்டு நேரமும் போட்டிருக்கிறா. ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் காணும், 400க்கு மேல போகக்கூடாது எண்டு அமெரிக்காவில சொல்லுறாங்கள், ஐரோப்பாவில 2023ல அந்த உச்ச அளவை 300இல இருந்து 255ஆ குறைச்சிட்டாங்கள். கொஞ்ச நாளில தலைமயிர் சீப்போட வந்துது, நகத்தில வெள்ளைக் கோடு, உள்ளி தின்னாமலே வாயில உள்ளி மணம்.

செலீனியம் கந்தகத்துக்கு சொந்தக்காரன் மாதிரி, மூலகங்களின்ர அட்டவணையில அதுக்கு நேர கீழ இருக்கிறது, அதால உடம்பு ஆள் மாறி அதை கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில புரதத்துக்குள்ள வைச்சிடும். செலினைட் எண்ட வகை இன்னும் மோசம், செல்லைக் காப்பாத்திற குளுட்டத்தயோனையே பிடிச்சுத் தின்னும், பேந்து ஹைட்ரஜன் செலினைடா மாறி ஒட்சிசனோட சேர்ந்து சுப்பர்ஒக்சைட் எண்ட, செல்லைத் தாக்கிற ஒட்சிசன் வகையை உண்டாக்கும், அது டிஎன்ஏயையும் செல்லுக்கு சக்தி குடுக்கிற மைட்டோகொண்ட்ரியாவையும் உடைக்கும். அளவோட இருக்கேக்க செல்லைக் காக்கிற அதே சாமான் தான் ஐயா இது.

வன்னியில இப்ப கன வீட்டில இப்பிடி வெளிநாட்டுப் போத்தல்கள் இருக்கு, லேபல் முழுக்க இங்கிலீசு, வயசான சனம் என்னெண்டு வாசிக்கிறது? உங்கட மருத்துவப் பக்கத்தில இதைப் பற்றி ஒருக்கா விளக்கமா போடுங்கோ.

வாசகர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு