விடியுமுன் விழித்திருந்தவர்களுக்கு

அக்காவுக்கும் அத்தானுக்கும், டீக்கடை அண்ணாச்சிக்கும், மருந்துக்கடை அண்ணாச்சிக்கும், படித்துறைத் தாத்தாவுக்கும், இஞ்ச் டேப்போடு வீட்டுக்கு வந்த பிசியோதெரபி மேடத்துக்கும், பெயர்கூடத் தெரியாத ஒரு குரலுக்கும்,

கல்லிடைக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிற நான் எழுதுகிறேன். நேரில் சொல்ல வரும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் ஊரறிய எழுதிவிடுகிறேன்.

வலி 2016-ல் வந்தது. அப்போது எனக்கு 24 வயது. ராத்திரி மூன்று மணி வாக்கில் இடுப்புக்குக் கீழே பிடித்து இழுக்கும், தூக்கம் போய்விடும். காலையில் எழுந்தால் முதுகு பலகை மாதிரி விறைத்திருக்கும். ஒரு மணி நேரம் நடமாடினால்தான் குனிந்து செருப்பு மாட்ட முடியும். ஆறு வருஷம் எத்தனையோ இடத்தில் காட்டினோம். "உட்கார்ந்தே தைக்கிறீங்க, அதான்" என்றார்கள். மூன்று வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள், அதில் இன்னும் மோசமானது. ஓர் இடத்தில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பையனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். என் வலியை நானே பொய் என்று நினைக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

2022-ல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் பெயர் சொன்னார்: அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பும் இடுப்பும் சேருகிற மூட்டைத் தாக்குகிற நோய். கவனிக்காமல் விட்டால் நாளாக நாளாக எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளலாம். ஓய்வெடுத்தால் இறுகும், அசைந்தால் இளகும். முழுக்கக் குணமாக்க மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்கலாம்.

பெயர் தெரிந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். 'ஆயுசுக்கும்' என்ற வார்த்தைதான் மனசில் போய் உட்கார்ந்தது. கடை திறக்கவில்லை. ஜூன் மாதம் யூனிஃபார்ம் துணிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன, வெட்டக் கை போகவில்லை. குளிக்கத் தோன்றவில்லை. கோவில் கொடைக்கு மேளச் சத்தம் கேட்டபோது எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். சின்ன வயசில் அந்தச் சத்தத்துக்கு ஓடினவன் நான்.

அக்கா, நீ தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி வந்தாய். வருகிறவர்கள் எல்லாரும் "சரியாயிரும்" என்பார்கள். நீ ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. "இன்னைக்கு எந்த இடத்துலலே வலிக்கி?" என்று கேட்பாய். நான் சொல்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாய். ஆறு வருஷம் யாரும் நம்பாததை நீ நம்பினாய்.

அத்தான், நீங்கள் அதிகம் பேசமாட்டீர்கள். ஒரு சாயங்காலம் தேங்காய் நார்க் கயிறோடு வந்து, ஸ்டூலில் ஏறி, கட்டிலுக்கு மேலே உத்திரத்தில் கட்டினீர்கள். சாண் சாணாக முடிச்சு. முதல் முடிச்சைப் பிடித்தால் தலை தூக்கலாம், மூன்றாவதைப் பிடித்தால் உட்காரலாம். அம்மாவை எழுப்பாமல் நானே எழுந்திரித்தது அன்றைக்குத்தான்.

டீக்கடை அண்ணாச்சி, விடியுமுன் மூன்றரைக்கே பாய்லரில் கரி போடுகிறவர் நீங்கள். இருட்டில் நான் தெருவில் நடப்பதைப் பார்த்து என்ன ஏது என்று கேட்கவில்லை. "உக்காராத தம்பி, நடந்துக்கிட்டே குடி" என்று டம்ளரைக் கையில் கொடுத்தீர்கள். அந்த நேரத்தில் ஊரில் எனக்கென்று ஒரு விளக்கு எரிந்தது.

2023-ல் ஒரு ராத்திரி அந்த விளக்கும் போதவில்லை. விடியாமலே போனால் நல்லது என்று தோன்றியது. 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள். ஒரு பெண் தமிழில் பேசினார். சுற்றி வளைக்காமல், "செத்துப்போகணும்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவரை யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவை எழுப்பச் சொல்லி, அம்மா பக்கத்தில் வந்து உட்காரும்வரை அவர் போனை வைக்கவில்லை. அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்துத் தாங்கியிருக்க மாட்டேன் என்றுதான் அதுவரை மறைத்தேன். நீங்கள் அழாமல் என் தலையை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் ரயிலேறிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். பஸ் என்றால் குலுக்கும். ரயிலில் நின்றுகொண்டே போகலாம். அங்கே டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னைப் போல வேறு யாராவது காத்திருக்கக்கூடும்: "வலி போனப்புறம் மனசைப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. வலி மனசை அமுக்கும், மனசு அமுங்கினா வலி கூடும். ரெண்டுக்கும் சேத்தே வைத்தியம் பாக்கணும்." மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். முதல் பத்து நாள் குமட்டல்தான். ஐந்தாவது வாரம் சாப்பிடும்போது, "அக்கா, சொதியில உப்பு கம்மியா இருக்கு" என்றேன். உப்பு எடுக்க அடுக்களைக்குப் போன நீ வெகுநேரம் வெளியே வரவில்லை. மாதக்கணக்கில் ருசி தெரியாமல் தின்றவன் நான் என்பது உனக்குத்தான் தெரியும்.

மருந்துக்கடை அண்ணாச்சி, இரண்டு டாக்டர் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது நீங்கள் மட்டும்தான். மூட்டுவலி மாத்திரையும் மனசுக்கான மாத்திரையும் சேர்ந்தால் சிலருக்கு வயிற்றில் ரத்தம் கசியும் என்று சொல்லி, டாக்டருக்குப் போன் போட்டு, வயிற்றுக்கும் ஒரு மாத்திரை எழுதி வாங்கினீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் பஸ்சும் ரயிலும் நின்றபோது, என் மாத்திரை தீர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து முழங்கால் தண்ணீரில் ஆள் அனுப்பினீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த மேடம், நீங்கள் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தீர்கள். ஊரில் பாதிப்பேருக்கு மார்பளவு எடுத்தவன் நான். எனக்கு யாரும் எடுத்ததில்லை. மூச்சை வெளியே விடச் சொல்லி ஒரு அளவு, இழுக்கச் சொல்லி ஒரு அளவு. இரண்டுக்கும் ஒரு இஞ்ச் வித்தியாசம்கூட இல்லை. விலா எலும்பு மூட்டுகளும் இறுகுவதால் நெஞ்சு விரிய மறுக்கிறது என்று விளக்கினீர்கள். "வாரத்துக்கு ஒருநா நீங்களே அளந்து எழுதுங்க, அளவு எடுக்க உங்களுக்கா சொல்லித்தரணும்" என்றீர்கள். கடைக்கு நான் திரும்பப் போனது அந்த நோட்டில்தான். முதலில் என் அளவு, அடுத்த பக்கத்தில் ஒரு பாப்பாவின் பாவாடை அளவு. இப்போது ஒன்றரை இஞ்ச். வெட்டும் மேஜையை உயர்த்திவிட்டேன், நின்றுகொண்டே வெட்டுகிறேன்.

தாத்தா, நீச்சல் நல்லது என்று மேடம் சொன்னதும் பயந்துகொண்டு படியில் நின்றேன். "தண்ணிக்குள்ள ஒடம்பு கனக்காதுலே, எறங்கு. அங்கன போகாத, கசம், ஆழம் ஜாஸ்தி" என்று கையைப் பிடித்தீர்கள். தாமிரபரணியில் கழுத்தளவு நின்றபோது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. பத்து நிமிஷம் இருக்கும்.

வலி இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் கூடுகிறது. மாத்திரை இரண்டும் தொடர்கிறது. மூன்று மணிக்கு விழிப்பு வருகிற ராத்திரிகளும் உண்டு. அக்கா, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறாயாம். உத்திரத்துக் கயிறை அவிழ்க்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிரு.