நாட்டைக் காத்த கோட்டைகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தமிழகக் கடற்கரைக் கோட்டைகள் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக. இரண்டாவது தடவை, நான் படித்தது சரிதானா என்று பார்க்க. "அந்நியரிடமிருந்து நம் நாட்டைக் காத்து நின்ற அரண்கள்" என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

உங்களுக்குத் தெரியாததா? தரங்கம்பாடிக் கோட்டையை 1620இல் கட்டியது டென்மார்க்காரன். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன். தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயன், பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் தனக்கு என்று எடுத்துக்கொண்டான். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்தது. ஓர் அந்நியன் தன் கிட்டங்கியை இன்னொரு அந்நியனிடமிருந்து காப்பாற்ற எழுப்பிய மதில், நமக்கு எப்படி அரண் ஆனது?

சரி, அவனையாவது காத்ததா? புனித ஜார்ஜ் கோட்டை 1746இல் சில நாள் குண்டுவீச்சிலேயே பிரெஞ்சுக்காரனிடம் போய்விட்டது. அது ஆங்கிலேயனிடம் திரும்பி வந்த பிறகு பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தது உண்மைதான், ஆனால் 1759 பிப்ரவரியில் கடலில் ஆங்கிலக் கப்பல்கள் தென்பட்ட பிறகுதான் முற்றுகை விலகியது. கப்பல் வந்து சேரும்வரை நாளைக் கடத்த உதவியது மதில், அவ்வளவுதான். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தபோது அதே மதில் அதே இடத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது. அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேல் குண்டு, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, கப்பல் பத்திரமாகத் திரும்பிப் போனது. நமக்கு மிச்சம், 'அவன் பெரிய எம்டன்' என்கிற வசவு.

நான் கடலோரக் காவல் பணியில் 22 வருடம் இருந்தவன். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நாங்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ரோந்து போன காலத்தில், உருப்படியான தகவல் வந்ததெல்லாம் மீனவர்களிடமிருந்துதான். "சார், தெரியாத போட் ஒண்ணு லைட்டை அணைச்சிட்டு நிக்குது" என்று விடியற்காலை மூன்று மணிக்குப் போன் வரும். அவர்களைப் பற்றி உங்கள் ஆறு பக்கத்தில் அரை வரி இல்லை.

ஆலம்பரைக் கோட்டையைப் பற்றிச் சிலாகித்திருக்கிறார். போன வருடம் பேரனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். மதில் துண்டு துண்டாக மணலில் சாய்ந்து கிடக்கிறது, சன்னமான செங்கல், தொட்டால் சுண்ணாம்பு விரலில் ஒட்டுகிறது. சுனாமி கொஞ்சம், நம்மாட்கள் கொஞ்சம். உள்ளே பாட்டில்கள். "தாத்தா, பீரங்கி எங்கே?" என்றான். 1750இல் பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேக்குத் தூக்கிக் கொடுத்து 1760இல் ஆங்கிலேயன் இடித்த கோட்டையடா என்று எட்டு வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? ஐஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன்.

நாட்டைக் காத்த கோட்டை என்று ஒன்றைக் காட்டியே தீர வேண்டும் என்றால் கன்னியாகுமரி பக்கத்தில் வட்டக்கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, சிறைப்பிடித்த டச்சுத் தளபதி டிலனாயையே வைத்துக் கருங்கல்லில் பலப்படுத்தியது. தேடித் தேடிப் பார்த்தேன், அதன் பெயரே கட்டுரையில் இல்லை.

இரண்டு வருடம் முன்பு தரங்கம்பாடியைப் போர்த்துக்கீசியர் கோட்டை என்று போட்டீர்கள். எழுதினேன், வரவில்லை. அந்த இடத்தில் மழை பற்றி ஒரு வாசகர் கவிதை வந்தது. நல்ல கவிதைதான், குறை சொல்லவில்லை.

இந்தத் தடவை நான் கேட்பது ஒன்றே ஒன்று. சதுரங்கப்பட்டினம் கோட்டை என்று 34ஆம் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் படம் வேலூர்க் கோட்டை. அகழித் தண்ணீரைப் பார்த்துக் கடல் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் பழைய வாசகன்