பீக் சமம், சத்தம் சமமில்லை: மாஸ்டரிங் வேலை குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். பழைய நாடகக் கலைஞர்களைப் பேட்டி எடுத்து நாங்கள் வெளியிடும் பாட்காஸ்ட்டின் மூன்று பகுதிகளை மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) செய்யச் சொல்லி முழுப் பணமும் கட்டினோம். வந்த ஃபைல்களை அடுத்தடுத்துக் கேட்கவே முடியவில்லை. முதல் பகுதியில் பெரியவர் பேசுவது காதில் விழ போனில் வால்யூமைக் கடைசி வரை ஏற்ற வேண்டியிருக்கிறது, அது முடிந்து இரண்டாவது தானாக ஓடத் தொடங்கியதும் ஹெட்போனைப் பிடுங்கிப் போடும்படி அலறுகிறது. புகார் சொன்னதற்கு, "இரண்டுமே மைனஸ் 1 டெசிபலில் இருக்கின்றன, லெவல் சமம்தான், உங்கள் போனைப் பாருங்கள்" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள்.

நீங்கள் அளந்தது பீக். ஃபைல் முழுவதிலும் அலை ஒரே ஒரு கணம் தொட்ட உச்சம் அது (டிஜிட்டலில் பூஜ்யம்தான் மேல் எல்லை, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ்). வகுப்பிலேயே உயரமான பையனை மட்டும் அளந்துவிட்டு வகுப்பே அந்த உயரம் என்று சொல்வதுபோல் இருக்கிறது உங்கள் பதில். முதல் பகுதியில் அந்த உச்சம் எங்கே வருகிறது என்று தேடினேன்: பெரியவர் காபி குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைக்கும் "டக்". அந்த ஒரு ஓசை மைனஸ் 1-ஐத் தொட்டுவிட்டதால் மீதி நேரம் முழுக்க அவர் குரல் அடியிலேயே கிடக்கிறது. லவுட்னஸ் மீட்டரில் போட்டால் முதல் பகுதி மைனஸ் 27 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு, ஒரு லஃப்ஸ் வித்தியாசம் என்றால் ஒரு டெசிபல்), இரண்டாவது மைனஸ் 15. பன்னிரண்டு டெசிபல் வித்தியாசம்! பத்து கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

சரி, பீக் வேண்டாம், ஆர்எம்எஸ் சராசரியை (ஃபைல் முழுவதிலும் அலையின் சக்தியைச் சராசரியாக்கும் கணக்கு) பாருங்கள், முதலும் மூன்றாவதும் ஒன்றுதான் என்று இரண்டாவது மெயிலில் எழுதினீர்கள். அதுவும் காது கேட்கும் கணக்கு இல்லை. மூன்றாவது பகுதி மண்டபத்தில் பதிவானது, வெளியே ஓடிய ஜெனரேட்டரின் உறுமல் அடியில் வந்துகொண்டே இருக்கிறது. நம் காது அவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் ஆர்எம்எஸ் அதையும் குரலையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. முதல் பகுதியில் பேச்சுக்கு நடுவே பெரியவர் யோசித்து நிறுத்தும் இடைவெளிகளும் அந்தச் சராசரியில் சேர்ந்துவிடுகின்றன. இதற்காகத்தானே 2006-லேயே ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு, பிஎஸ்.1770 என்ற அளவீட்டு முறையைக் கொண்டுவந்தது? அது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து, குரல் தெளிவுக்கு உதவும் மேல் பகுதியைக் கொஞ்சம் ஏற்றி அளக்கிறது; 2011-ல் வந்த திருத்தத்தில் மௌனத்தையும் மிக மெல்லிய பகுதிகளையும் கணக்கிலிருந்து விலக்கும் கேட்டிங்கும் சேர்ந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஒரு ஸ்டூடியோ பீக்கைக் காட்டி வாடிக்கையாளரை மடக்குவது எனக்கு நிஜமாகவே கோபமாக இருக்கிறது. இந்தக் கலைஞர்களில் சிலருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

இன்னொன்று. இரண்டாவது பகுதியை லிமிட்டரில் (ஓர் எல்லைக்கு மேல் ஏறும் ஒலியை அமுக்கும் கருவி) நசுக்கியிருக்கிறீர்கள், அதில் பேசும் கலைஞர் பாடிக் காட்டும் இடத்துக்கும் பேசும் இடத்துக்கும் ஏற்ற இறக்கமே இல்லை. சாதாரண மீட்டரில் பீக் மைனஸ் 1 என்றாலும் ட்ரூ பீக், அதாவது அலையின் நிஜமான உச்சம், பூஜ்யத்தைத் தாண்டுகிறது. டிஜிட்டலில் அலையை அளந்து பதியும் மாதிரிப் புள்ளிகளுக்கு இடையில் அலை ஏறுவதை உங்கள் மீட்டர் பார்ப்பதே இல்லை. எம்பி3-யாக மாற்றியதும் அந்த இடங்களில் கரகரப்புக் கேட்கிறது.

எனக்கு வேண்டியது இது. மூன்று பகுதிகளையும் மூலப் பதிவிலிருந்து மறுபடி செய்யுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைக்கிற மைனஸ் 16 லஃப்ஸ், ஒரு டெசிபல் கூடக்குறைய இருக்கலாம், ட்ரூ பீக் மைனஸ் 1-ஐத் தாண்டக் கூடாது. டம்ளர் சத்தத்தைக் கையால் இறக்கிவிட்டு அப்புறம் குரலை ஏற்றுங்கள், மொத்தத்தையும் லிமிட்டருக்குள் தள்ளாதீர்கள். மூன்றாவதில் உறுமலை ஃபில்டர் போட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு ஃபைலோடும் லவுட்னஸ், ட்ரூ பீக் இரண்டின் அளவையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வெள்ளிக்குள் முடியாது என்றால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பேட்டித் தொடரின் தயாரிப்பாளர்